முதல் காசு கூரைக்கு

வீட்டை ஒட்டிப் போட்ட பட்டறையைக் குறைந்த செலவில் எப்படிச் சூடாக்குவது? கனடாவிலும் நார்வேயிலும் கைவேலைக்காரர்கள் இதைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். விறகடுப்பு வைப்பதா, கேஸ் ஹீட்டர் வாங்குவதா, மின்சாரத்துக்கே போய்விடுவதா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலையை அடுத்த கொடும்பாளூரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். சித்திரை வெயிலில் ஒரு தகரக் கொட்டகையைச் சூடாக்க இங்கே யாரும் விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

ஆனால் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினால் கணக்கு அதேதான். அங்கே காசு கொடுத்து உண்டாக்கிய வெப்பம் வெளியே ஓடுகிறது. இங்கே கேட்காமலே வந்த வெப்பம் உள்ளே தங்குகிறது. எந்த வழியாக, எவ்வளவு என்று பார்க்காமல் இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் இரண்டு இடத்திலும் ஏமாறுகிறார்கள். குளிர்நாட்டில் ஓட்டைக் கதவை அடைக்காமல் பெரிய ஹீட்டராக வாங்குவார்கள். இங்கே துருப்பிடித்த தகரத்துக்கு அடியில் இரண்டாவது ஃபேன் மாட்டுகிறோம்.

இது வெறும் சொகுசுப் பிரச்சினை அல்ல. 33, 34 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நடுத்தரமான உடலுழைப்பு செய்கிறவர் தன் வேலைத்திறனில் பாதியை இழக்கிறார் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 2030இல் இந்தியாவின் மொத்த வேலைநேரத்தில் 5.8 சதவீதம் வெப்பத்தால் வீணாகும் என்பதும் அதே அறிக்கையின் மதிப்பீடு. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வீட்டுப் பக்கத்தில் கொட்டகை போட்டுத் தையல் மெஷினோ வெல்டிங் செட்டோ மரவேலையோ வைத்திருப்பவருக்கு மதியம் மூன்று மணிநேரம் போனால் அது நேராக வருமானத்தில் போகிறது.

முதலில் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். கொடும்பாளூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய பத்தரை டிகிரியில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 18ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் 25ஐ ஒட்டி மறுமுறையும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. மார்ச் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரை, நண்பகல் சூரியன் நடு உச்சியிலிருந்து 13 டிகிரிக்கு மேல் விலகுவதே இல்லை. ஆறு மாதம் முழுக்க நண்பகல் வெயில் விழுவது சுவரில் அல்ல, கூரையில். தெற்குச் சுவர் அந்தப் பருவத்தில் ஏறக்குறைய நிழலில்தான் நிற்கிறது. காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும் கொஞ்சம் வாங்குகின்றன. மிச்சமெல்லாம் கூரையின் தலையில்தான்.

அளந்து பார்க்கலாம். இருபதுக்குப் பத்தடி கொட்டகையின் கூரை ஏறக்குறைய பதினெட்டரை சதுர மீட்டர். தெளிவான வானத்தில் உச்சிவெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். அதாவது கூரைமேல் விழுவது பதினெட்டரை கிலோவாட். பளபளப்புப் போய் அழுக்கேறிய தகரம் அதில் மூன்றில் இரண்டு பங்கை, சுமார் 12 கிலோவாட்டை, உறிஞ்சிக்கொள்ளும். ஒரு டன் ஏசி முழு மூச்சாக ஓடினாலும் அறையிலிருந்து வெளியேற்றக்கூடியது மூன்றரை கிலோவாட். கூரை உறிஞ்சியதில் பெரும்பகுதி மேலேயே காற்றோடும் வானத்தோடும் போய்விடுகிறது என்பது உண்மைதான். இருந்தாலும் கீழே இறங்கும் பங்கே அந்த ஏசியைத் திணறடிக்கப் போதும்.

அந்தப் பங்கு எப்படி இறங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வெயிலில் காய்ந்த தகரம் 65 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசத் தொடங்குகிறது. காற்றின் துணை இதற்குத் தேவையில்லை. கூரையிலிருந்து புறப்பட்டு நேராகத் தலையிலும் தோளிலும் மேசையிலும் வந்து விழுகிறது. 65 டிகிரிக் கூரைக்கும் 35 டிகிரித் தோலுக்கும் இடையே, கூரையை முழுதாகப் பார்த்திருக்கும் பரப்பில், சதுர மீட்டருக்கு 200 வாட் அளவுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும். மதியம் தகரக் கொட்டகைக்குள் நுழைந்ததும் உச்சந்தலை காய்வது இதனால்தான். காற்று வெளியில் இருப்பதைவிட இரண்டு மூன்று டிகிரிதான் கூடுதலாக இருக்கும். ஆனாலும் அடுப்புக்கு அடியில் நிற்பதுபோல் இருக்கும்.

ஃபேன் இந்தக் கதிரை ஒன்றும் செய்யாது. கதிர் காற்றில் மிதந்து வருவதில்லையே, காற்று தள்ளினால் விலகிப் போவதற்கு! இன்னொன்று, சீலிங் ஃபேன் தகரத்தை ஒட்டித் தேங்கிய சூடான காற்றைக் கீழே இறக்கி நம்மேல் ஊதுகிறது. ஏசியும் காற்றைத்தான் குளிர்விக்கிறது. கூரை 65இல் நிற்கும்வரை அது காய்ச்சிக்கொண்டேதான் இருக்கும். குளிர்ந்த அறையில் வேர்க்கும் தலையோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஏசி கம்பெனிமேல் கோபம் வரும். கோபம் கூரைமேல் வரவேண்டும்.

ஆகவே கையில் இருக்கும் முதல் காசு கூரைக்குப் போகட்டும். அதிலும் மலிவானது வெள்ளை. நல்ல வெள்ளைப் பூச்சு வெயிலில் எண்பது சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். நம் கொட்டகைக்கு உறிஞ்சும் அளவு 12 கிலோவாட்டிலிருந்து நான்குக்குக் கீழே வருகிறது. கூரையின் சூடு 65க்குப் பதில் 45ஐ ஒட்டி நிற்கும். கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் படியில் ஏறி இறங்குவதால், தலைமேல் விழும் 200 வாட் எழுபதாகக் குறைகிறது. ஒரு பிரஷ்ஷும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செய்யும் வேலை இது. இதே வேலையை எந்த மோட்டாரைக் கொண்டும் இந்த விலைக்குச் செய்ய முடியாது.

வெள்ளையடித்தால் பளபளப்புப் போய்விடுமே, புதுத் தகரமே கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பாதா என்று கேட்பவர்கள் உண்டு. புதுத் தகரம் திருப்பத்தான் செய்யும். ஆனால் உறிஞ்சிய மிச்சத்தைக் கதிராக வெளியே விட அதற்குத் தெரியாது. பளபளக்கும் உலோகங்கள் எல்லாமே அப்படி, வாங்கியதை விடாத கஞ்சர்கள். வெள்ளைப் பூச்சு வெயிலையும் திருப்புகிறது, தன் சூட்டையும் தாராளமாக வானத்துக்கு அனுப்புகிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஷியூலின் ருவானின் குழு 2021இல் பேரியம் சல்ஃபேட் கொண்டு செய்த பூச்சு வெயிலில் 98.1 சதவீதத்தைத் திருப்பியது. உச்சிவெயிலிலேயே அது சுற்றுக்காற்றைவிடக் குளிர்ந்து நின்றது. நமக்கு அவ்வளவு வேண்டாம். அகமதாபாத்தில் குடிசைப் பகுதிக் கூரைகளுக்குச் சாதாரண வெள்ளையைத்தான் அடித்தார்கள். தெலங்கானா 2023இல் ‘குளிர் கூரை’க்கென்றே ஐந்தாண்டுக் கொள்கை கொண்டுவந்தது.

எதை அடிப்பது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். மொட்டைமாடிக்கு அடிக்கும் சுண்ணாம்பு–ஃபெவிகால் கலவை சிமெண்ட் தளத்துக்கு அருமையான பொருள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகி ஒட்டிக்கொள்ளும். தகரத்தில் அந்த ஜம்பம் பலிக்காது. தகரத்தின்மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் காரத்தோடு வினைபுரியும், சுண்ணாம்போ கடும் காரம். ஒட்டாமல் பொடிப்பொடியாக உதிர்ந்து முதல் மழையில் கரைந்து ஓடும். தகரத்துக்கு அதற்கான பிரைமர் அடித்து, மேலே வெளிச்சுவருக்கான வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட் போடுவதே சரி. துருவை முதலில் தேய்த்து எடுக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டில் சுண்ணாம்பு பிடிக்கும். ஆனால் அதை உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. பறக்கும் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். நனைத்து, மென்மையாகக் கழுவி, முகத்தை மூடிக்கொண்டு அடிக்க வேண்டும். பழைய ஷீட் எதன்மேலும் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு ஏறுவது உயிருக்கு நல்லது.

புதிதாகக் கொட்டகை போடுகிறவருக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். இப்போது எல்லோரும் வாங்கும் கலர் ஷீட்டில் வெள்ளையோ வெளிர் நிறமோ கேட்டு வாங்கினால் போதும். அடர் நீலமும் செங்கல் சிவப்பும் பார்க்க எடுப்பாகத்தான் இருக்கின்றன. ஆறு மாதம் அந்த அழகுக்கு அடியில் நின்று வேலை செய்யப்போவது யார் என்று கடையிலேயே ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கொடும்பாளூரில் நின்றுகொண்டு கல்லைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இருக்குவேளிர் காலத்து மூவர் கோயிலில் மூன்று விமானங்களில் இரண்டு ஆயிரம் வருட வெயிலைத் தாங்கி நிற்கின்றன. அந்தக் கருங்கல் கருவறைகளுக்குள் மதியத்தில் இருக்கும் இதம் நெஞ்சுக்குத் தெரியும், இயற்பியலுக்கும் தெரியும். பகல் சூடு ஒரு சுவருக்குள் அலையாக நுழைகிறது. போகப்போகத் தேய்கிறது, தாமதமும் ஆகிறது. இரண்டடிக் கருங்கல்லில் அந்த அலை மறுபக்கம் வந்துசேர ஏறக்குறைய அரை நாள் ஆகும். அதற்குள் வெளியே இரவாகிவிடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் ஏழெட்டு மணி நேரம். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தில் மூன்று மணி நேரம் ஒட்டி. அதனால்தான் மாடி வீடுகள் மாலை நான்கு மணிக்குமேல் வேகத் தொடங்குகின்றன. தகரத்தில் தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மேகம் விலகிய சில நிமிடங்களில் உள்ளே தெரிந்துவிடும்.

இதில் பட்டறைக்கு மட்டும் கிடைக்கும் ஒரு சலுகை உண்டு. கனமான சுவர் பகலில் வாங்கியதை இரவில் உள்ளே கக்கும். படுக்கையறைக்கு அது நரகம். பட்டறையில் இரவு எவரும் இல்லை. ஆகவே மேற்குப் பக்கம் மட்டுமாவது தகரத் தடுப்புக்குப் பதில் செங்கல் சுவர் எழுப்பினால் மாலை வெயில் உள்ளே வந்துசேரும்போது கதவு பூட்டியிருக்கும்.

பெரிய செலவு செய்ய முடியாதவர்களுக்கு அடுத்த வழி நிழல். கூரைக்கு ஒரு அடி மேலே, காற்று புகுந்து போகும்படி, பச்சை நிழல்வலையோ பழைய ஃப்ளெக்ஸ் பேனரோ இழுத்துக் கட்டலாம். தேர்தல் முடிந்ததும் நம்மூரில் பேனருக்குப் பஞ்சமே இல்லை. தலைவர் முகம் கூரையைப் பார்க்கட்டும், வெள்ளை முதுகு வானத்தைப் பார்க்கட்டும். ஆடிக் காற்று அதைக் கிழித்து அடுத்த தெருவில் போடாமல் இருக்க ஓரம் முழுக்கக் கயிறு கோத்துக் கட்ட வேண்டும். தகரத்தோடு ஒட்டிக் கிடந்தால் பலன் பாதி போய்விடும், அந்த ஒரு அடி இடைவெளிதான் வேலை செய்கிறது. மூங்கில் பந்தல் போட்டுச் சுரையோ பீர்க்கையோ ஏற்றிவிடுவது பழைய கை. கொடி நிழலும் தரும், இலைவழி நீரை ஆவியாக்கித் தன்னையும் குளிர்வித்துக்கொள்ளும். நேராகத் தகரத்தின்மேல் படரவிட்டால் சித்திரையில் இலை பொசுங்கும்.

கூரைக்கு அடியிலும் ஒரு திரை கட்டலாம். சூடான தகரத்துக்கும் தலைக்கும் நடுவே ஒரே ஒரு சாதாரணத் திரை இருந்தாலும் கதிர்வீச்சு ஏறக்குறைய பாதியாகும். அது அலுமினியத் தாள் ஒட்டிய பபிள் ஷீட்டாக இருந்தால் இன்னும் வெகுவாகக் குறையும். மினுக்கும் பக்கம் கீழே பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மேலே பார்த்தால் இரண்டே மாதத்தில் தூசி படிந்து மினுக்கு செத்துவிடும். கீழ்முகத்தில் தூசி நிற்காது.

கீற்று இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். தென்னங்கீற்றோ பனையோலையோ, உள்ளே அடைபட்ட காற்றுதான் அதன் பலம். கூரையின் அடிப்புறம் வெளிக்காற்றின் சூட்டுக்குப் பெரிதாக மேல் போகாது. தையல்காரருக்கும் கூடை பின்னுகிறவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வெல்டிங், கிரைண்டிங் செய்கிற இடத்தில் அந்தப் பேச்சே கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைக் கொன்ற தீ கீற்றுக் கூரையில் பரவியது. ஒரு பொறி போதும். தெர்மாகோலும் அதே ரகம், உருகிச் சொட்டிக்கொண்டே எரிந்து கரும்புகையில் ஆளை மடக்கும். பொறி பறக்கும் பட்டறையில் கூரைக்கு வெளியே செய்யக்கூடியதைத்தான் செய்ய வேண்டும். வெள்ளைப் பூச்சும் மேல்நிழலுமே அங்கே பொருத்தம்.

கூரையைக் கவனித்த பிறகு காற்று. சூடான காற்று மேலே ஏறித் தகரத்துக்கு அடியில் தேங்கும். அதற்கு மேலே ஒரு வழியும், புதுக்காற்றுக்குத் தரையை ஒட்டி ஒரு வழியும் வேண்டும். மேல் ஓட்டை மட்டும் வைத்துவிட்டுக் கீழே கதவை இறுக மூடி வைத்தால் ஒன்றும் நகராது. முகட்டை ஒட்டி ஒரு அடி விட்டமுள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் நம் கொட்டகையின் முழுக்காற்றையும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடும். வெல்டிங் புகைக்கும் மரத்தூளுக்கும் அது எப்படியும் தேவை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் பலமாக அடிக்கும். அதற்கு மேற்கில் ஜன்னல் வேண்டும். மாலை வெயிலுக்கு அதே மேற்கை மூடவும் வேண்டும். ஜன்னலை வைத்துவிட்டு வெளியே ஒரு புங்கமரமோ சாய்ந்த தட்டியோ போடுவதைவிட நல்ல சமரசம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது இயந்திரத்துக்கு வரலாம். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், மின்சாரம் குறைவாகத் தின்னும் பிஎல்டிசி வகை 30 வாட் ஒட்டி. தினம் எட்டு மணி நேரம், இரண்டு மாதத்தில் ஐம்பது வேலைநாள் என்று வைத்தால் முன்னது 30 யூனிட், பின்னது 12. ஏர் கூலர் 180 வாட் என்றால் 72 யூனிட். ஒரு டன் ஏசி முந்நூறைத் தாண்டும். தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக்கப்பட்டதால் இந்த எண்களின் அர்த்தம் எல்லோருக்கும் புரியும். தொழில் என்று ஆகிவிட்டால் மின்வாரியத்தின் கட்டணப் பிரிவும் மாறும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஃபேனின் வேலை வியர்வையை ஆவியாக்குவது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 675 வாட்-மணி வெப்பம் உடலை விட்டுப் போகும். அதனால்தான் 37, 38 டிகிரியிலும் ஃபேன் சுகமாக இருக்கிறது. காற்று 40ஐத் தாண்டினால் ஃபேன் உடலுக்குச் சூடேற்றத் தொடங்கும், அப்போது பயன்படுத்தாதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலை செய்கிறவர் இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்காவிட்டால் எந்த ஃபேனுக்கும் ஆவியாக்கச் சரக்கு இருக்காது.

கூலர் அதே தத்துவத்தை உடலுக்கு வெளியே செய்கிறது. அது எவ்வளவு குளிர்விக்கும் என்பது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. 38 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்றால், நல்ல கூலர் 28 டிகிரிக் காற்றைக் கொடுக்கும். ஐப்பசியில் 31 டிகிரி, ஈரப்பதம் 80 என்றால் இரண்டு டிகிரிதான் குறையும், அறை மட்டும் கசகசக்கும். சென்னையில் கடலோரம் கூலர் வாங்கி நொந்தவர்கள் ஏராளம். புதுக்கோட்டை மாவட்டத்தின் உள்பகுதியில், பங்குனி முதல் ஆனி வரை, அது ஏசியை விலைக்கும் மின்சாரத்துக்கும் தோற்கடிக்கும். எதிரே ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தன் ஈரத்திலேயே மூழ்கிவிடும். இரும்புச் சாமான் வைத்திருக்கிறவர் அந்த ஈரம் கருவியில் படாமல் எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

கூரையில் தண்ணீர் தெளிப்பது இங்கே எல்லோரும் செய்து பார்ப்பது. 12 கிலோவாட்டையும் தண்ணீரே சுமப்பதென்றால் மணிக்குப் பதினெட்டு லிட்டர் ஆவியாக வேண்டும். ஒன்றரைக் குடம். அதிகமில்லை. ஆனால் சரிந்த தகரத்தில் ஊற்றியதில் பெரும்பகுதி ஆவியாகாமல் ஓடைக்குப் போகும். சாக்கை நனைத்துப் போட்டால் நிற்கும், கூடவே துருவும் வரும், போர்வெல் தண்ணீரின் உப்பும் படியும். ஏரியும் கிணறும் பார்த்துப் பிழைக்கும் மாவட்டத்தில் பெயிண்ட் ஒருமுறை செய்துவிட்டுப் போகும் வேலைக்குத் தினம் தண்ணீர் ஊற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

ஏசி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எம்ப்ராய்டரி மெஷினோ கணினியோ வைத்து மூடிய அறையில் வேலை செய்கிறவருக்கு அது நியாயம், கூரை வெள்ளையான பிறகு. மூடிய அறையில் வெல்டிங் செய்துகொண்டு ஏசி போடுவது புகையை மூச்சில் அடைத்து வைப்பது. குளிர்நாட்டிலும் இதே ஆபத்து வேறு வேஷத்தில் வருகிறது. அடைத்த பட்டறையில் மண்ணெண்ணெய் ஹீட்டர் எரித்துக் கார்பன் மோனாக்சைடில் இறந்துபோகிறார்கள்.

அவர்களுக்கு இருக்கும் ஒரு தலைவலி மட்டும் நமக்கு இல்லை. அங்கே கூரையை வெள்ளையாக்கினால் கோடையில் லாபம், பனிக்காலத்தில் ஹீட்டர் செலவு கூடும், இரண்டையும் கூட்டிக் கழிக்க வேண்டும். கொடும்பாளூரில் மார்கழி விடியலிலும் மரப்பசை இறுகாமல் போகும் அளவுக்குக் குளிர்வதில்லை. வெள்ளைக் கூரைக்கு இங்கே எதிர்க்கணக்கே கிடையாது.

அடிப்பதற்கு நல்ல காலம் மாசி. மழை நின்றிருக்கும், தகரம் இன்னும் கையைச் சுடாது, காலை எட்டு மணிக்குள் ஒரு கோட் முடித்துவிடலாம். சாலைப் புழுதியும் கிரைண்டர் தூளும் படிந்து ஒரு வருடத்தில் வெள்ளை மங்கும். திருப்பி அனுப்பும் எண்பது சதவீதம் அறுபத்தைந்து வரை இறங்கிவிடும். அதற்கு மறுபடி பெயிண்ட் வாங்க வேண்டாம். பங்குனியில் ஒருநாள் சோப்புத் தண்ணீரும் தென்னந்துடைப்பமும் எடுத்துக்கொண்டு, பலகை போட்டு ஏறி, கழுவி இறங்கினால் போதும்.